வெட்டப்பட்ட இரண்டு சொற்கள்

உயிர்ப்பு ஞாயிறன்று எருசலேமில் இரண்டு செய்திகள் புறப்பட்டன. வெறுமையான கல்லறையைத் தம் கண்ணால் கண்ட பெண்கள் ஓடிச்சென்று சொன்ன செய்தி ஒன்று. தலைமைக் குருக்கள் காவற்சேவகருக்குப் பணம் கொடுத்துச் சொல்லவைத்த செய்தி மற்றொன்று. தாங்கள் உறங்கிக்கொண்டிருக்கையில் சீடர்கள் வந்து உடலைத் திருடிச் சென்றார்கள் என்பதே அது. உறங்கினவன் திருடனை எப்படிக் கண்டான்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தப் பொய் அன்றைக்கே விழுந்திருக்கும். ஆனால் தாம் எழுதும் நாள்வரைக்கும் அது மக்களிடையே உலவிவந்ததாக மத்தேயு தமது நற்செய்தியின் 28ஆம் அதிகாரத்தில் குறிப்பிடுகிறார்.

அன்பான பெற்றோரே, அந்த ஒரு கேள்வியைக் கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவது யார்? கைத்தொலைபேசியைப் பறித்து அலுமாரியில் பூட்டுகிறோம். "பார்க்காதே, கெட்டுப்போவாய்" என்று ஏசுகிறோம். பூட்டு ஒரு வாரம் நிற்கும். பிறகு அயல்வீட்டுத் தொலைபேசி இருக்கிறது. கறி ஆக்கிப் பழகினவர்களுக்குத்தான், பிறர் ஆக்கிய கறியில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று நாக்கு சொல்லும். செய்தியும் அப்படியே. ஒரு செய்தியைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளை, பிறர் செய்த செய்தியை மெல்லாமல் விழுங்காது.

கரையோரப் பங்கொன்றில் மறைக்கல்வி மாணவர் சிலருடன் விடுமுறை நாட்களில் இதைச் செய்து பார்த்தேன். நான்கு பக்கக் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று, மூன்று நிமிட வீடியோ ஒன்று, இவையே வேலை. முதல் நாள் இரண்டு பிள்ளைகளை ஒரே இறங்குதுறைக்குப் படம் எடுக்க அனுப்பினோம். ஒருத்தி குப்பை மேட்டை எடுத்துவந்தாள். மற்றவன் வர்ணம் பூசிய வள்ளங்களை எடுத்துவந்தான். இரண்டும் உண்மை, ஒரே நேரத்தில் எடுத்தவை. "இதிலை எது எங்கடை துறை?" என்று மற்றப் பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். ஒரு படம் எதைக் காட்டாமல் விடுகிறது என்பதையும் பார்க்கவேண்டுமென்று அன்று நான் பிரசங்கிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வயதான கடற்றொழிலாளி ஒருவரைப் பேட்டி கண்டான். ஐயா பழைய கதை ஒன்றைச் சொன்னார்: "பக்கத்து ஊராக்கள் எங்கடை வலையை வெட்டிப்போட்டினம் எண்டு நினைச்சம். அடிபாட்டுக்கும் போனம். பிறகு பாத்தால், கடலுக்கை கிடந்த கல்லிலை சிக்கித்தான் வலை கிழிஞ்சிருக்கு." பையனுக்கு நேரம் போதவில்லை. அழுத்தமான இடத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினான். மாலையில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தபோது திரையில் ஐயா சொன்னார்: "பக்கத்து ஊராக்கள் எங்கடை வலையை வெட்டிப்போட்டினம்." அவ்வளவுதான். முன்னுக்கு இருந்த ஐயா எழும்பி, "தம்பி, நான் உப்பிடியே சொன்னனான்? மிச்சக் கதை எங்கை?" என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் பொய் எதையும் சேர்க்கவில்லை. முகமும் குரலும் ஐயாவுடையவையே. "எண்டு நினைச்சம்" என்ற இரண்டு சொற்கள் வெட்டுப்பட்டதும் ஒரு சந்தேகம் குற்றச்சாட்டாகிவிட்டது. நம் மொழியில் இந்த ஆபத்து அதிகம். "என்று கேள்வி", "என்று சொல்கிறார்கள்" என்பன வசனத்தின் கடைசியிலேதான் வருகின்றன. கிணற்றடியில் "அடித்தானாம்" என்று தொடங்கும் கதை, சந்திக்கு வந்து சேரும்போது "அடித்தான்" ஆகிவிடுகிறது. அந்த "ஆம்" வழியில் எங்கே விழுந்தது?

2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் உணவுக்கடை ஒன்றில் கறிக்குள் கிடந்த கட்டியைக் கருத்தடை மாத்திரை என்று சொல்லி ஒரு கூட்டம் கடைக்காரரைச் சூழ்ந்தது. சிங்களம் சரிவரத் தெரியாத அவர் பயந்து தடுமாறி, ஒப்புக்கொண்டவர்போல் சொன்னது வீடியோவாக முகநூலில் ஓடியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் கண்டறிந்தார். ஆனால் அந்த முடிவு வீடியோ ஓடிய வேகத்தில் ஓடவில்லை. இந்தச் சம்பவத்தை அப்பிள்ளைகளுக்குச் சொன்னேன். பேட்டியை வெட்டிய பையன்தான் முதலில் வாய் திறந்தான்: "வீடியோ தொடங்க முதல் அவையள் அவரிட்டை என்ன கேட்டவை, சுவாமி?" உறங்கினவன் எப்படிக் கண்டான் என்ற கேள்வியும் இதுவும் ஒன்றல்லவா?

நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி ஆலயங்களிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. வதந்தி பரவும் என்று அஞ்சி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் தற்காலிகமாகத் தடைசெய்தது. அந்தத் துயரத்தில் வந்ததையெல்லாம் நம்பி, விசாரியாமல் பிறருக்கு அனுப்பியவர்கள் நம்மிலும் இருந்தோம். எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியைத் தடுக்கிறது. வாயால் சொன்னால் மட்டுமா சாட்சி? பெருவிரலால் தட்டி அனுப்புவதும் சாட்சியே. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கையில் நாவை ஆராய்கின்ற நாம், விரலையும் ஆராயவேண்டும்.

இளையோர் கையில் பத்திரிகை கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1841இல் 'உதயதாரகை' தொடங்கியபோது அதன் ஆசிரியராக இருந்தவர்கள் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த தமிழர் இருவர். 1946இல் அச்சேறிய 'மறுமலர்ச்சி' முதலில் கையெழுத்துப் பத்திரிகையாகவே உலவியது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையில், இளையோரை இத்துறையில் பயிற்றும்படி கேட்டது. இன்று நம் பாடசாலைகளில் ஊடகக் கற்கை ஒரு பாடமாகவும் உண்டு. புத்தகத்தில் படித்தது கைக்கு வரவேண்டும்.

ஆகவே இந்த வாரம் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். பிள்ளை அம்மம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டு ஐந்து நிமிடம் பதிவுசெய்யட்டும். அதை அரை நிமிடமாக வெட்டட்டும். பிறகு அம்மம்மாவுக்கே போட்டுக் காட்டட்டும். "நான் சொன்னது இதுதான்" என்று அவர் சொன்னபிறகே மற்றவர்களுக்குக் காட்டலாம் என்பது சட்டமாக இருக்கட்டும். கமரா இல்லாமலே இயந்திரம் படம் உண்டாக்கும் காலம் இது. 2023இல் பாப்பரசர் பிரான்சிஸ் பருத்த வெள்ளைக் குளிரங்கி அணிந்திருப்பதாக உலகெங்கும் ஓடிய படம் அப்படிப் பிறந்ததே. கண் மட்டும் போதாது. விசாரித்து அறியும் மனமும் வேண்டும்.

புனித லூக்கா ஆண்டவரை நேரில் கண்டவரல்லர். ஆயினும் கண்டவர்கள் சொன்னவற்றை ஆதிமுதல் விசாரித்து ஒழுங்காக எழுதியதாகத் தமது நற்செய்தியின் தொடக்கத்திலேயே சொல்கிறார். நாசரேத்திலிருந்து நல்லது வருமா என்று நத்தானியேல் ஐயுற்றபோது பிலிப்பு வாதாடவில்லை. வந்து பார்க்கும்படி அழைத்தார். நம் பிள்ளைகளும் போய்ப் பார்க்கவும், கேட்டு எழுதவும், எழுதியதை உரியவருக்கே காட்டவும் பழகட்டும். அப்போது, தம் கைக்கு வந்து சேர்ந்தது காவற்சேவகரின் செய்தியா, கல்லறைக்குப் போய்வந்த பெண்களின் செய்தியா என்று கேட்க அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பையன் தன் வீடியோவைத் திரும்பவும் செய்தான். குறித்த நேரத்தைவிட அது இருபது விநாடி நீண்டுவிட்டது. ஐயா பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார்.