பாதி ஆற்றல் எங்கே போகிறது?

100 ஃபாரட் கொள்ளளவுள்ள ஒரு சூப்பர் கெபாசிட்டரை 2.7 வோல்ட்டுக்கு மின்னேற்றினால் அதில் 364.5 ஜூல் ஆற்றல் இருக்கும். அதே அளவுள்ள வெற்று மின்தேக்கியை அதனுடன் கம்பியால் இணைத்தால், மின்னூட்டம் சரிபாதியாகப் பிரிந்து இரண்டும் 1.35 வோல்ட்டில் நிற்கும். அப்போது இரண்டிலும் சேர்த்து எஞ்சுவது 182.25 ஜூல்தான். மின்னூட்டம் இம்மியும் குறையவில்லை. ஆற்றலில் பாதியைக் காணோம்.

கம்பியின் மின்தடையில் அது வெப்பமானது என்பது வழக்கமான விடை. விடை சரிதான். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் இழப்பின் அளவில் மின்தடைக்கு இடமே இல்லை. தடித்த கம்பியானாலும் மெல்லிய கம்பியானாலும் போவது பாதி. போகும் வேகம்தான் மாறும். அப்படியானால் மின்தடை அறவே இல்லாதபோது? படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போனால் எல்லையிலும் இழப்பு பாதி என்றே வருகிறது. மின்தடையற்ற சுற்றிலோ வெப்பம் பிறக்க வழியில்லை. இயற்பியல் பாடப் பயிற்சியாகத் தொடங்கியது இங்கே மெய்யியல் கேள்வியாகிவிடுகிறது: இல்லாத ஒரு பொருளைக் கற்பித்துக்கொண்டு உள்ளதைப் பற்றி எதுவரை பேசலாம்?

அறிவியல் மெய்யியலாளர் ஜான் நார்ட்டன் 2012இல் எழுதிய கட்டுரையில், உள்ள பொருளைத் தோராயமாக விவரிப்பதையும் கற்பனையான வேறொரு பொருளை அதனிடத்தில் வைப்பதையும் பிரித்துக் காட்டினார். எல்லையில் கிடைக்கும் பண்பு, எல்லையில் நிற்கும் அமைப்பின் பண்பாக இருக்க வேண்டியதில்லை. இந்தப் புதிருக்கு அது அப்படியே பொருந்தும். எந்தச் சுற்றுக்கும் சிறிதாவது மின்தூண்டல் உண்டு. மின்தடை மட்டும் இல்லையென்றால் மின்னூட்டம் இரு மின்தேக்கிகளுக்கிடையே ஊசலாடிக்கொண்டே இருக்கும், 1.35 வோல்ட்டில் வந்து நிற்காது. அந்த ஊசலாட்டமும் மின்காந்த அலைகளாக ஆற்றலை வெளியேற்றும் என்பதை பாய்கின், ஹைட், சிங் ஆகியோர் 2002இல் கணக்கிட்டுக் காட்டினர். ஆக, சமநிலையில் நின்றது என்று சொன்ன மாத்திரத்திலேயே இழப்பை ஒப்புக்கொண்டாயிற்று. புதிர், தன் விடையைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறது.

மின்சுற்று வடிவமைப்பவர்களுக்கு இது வெறும் தர்க்க விளையாட்டு அல்ல. தொடராக இணைத்த சூப்பர் கெபாசிட்டர்களின் கொள்ளளவும் கசிவும் சற்றே வேறுபடுவதால், சில வரம்பு மின்னழுத்தத்தைத் தாண்டி விரைவில் கெடுகின்றன. மிகுந்ததை மின்தடையில் எரித்துச் சமன் செய்வது எளிய வழி, வீணான வழியும்கூட. மின்தூண்டியும் சுவிட்சுகளும் கொண்ட சுற்று, ஆற்றலை முதலில் சுருளின் காந்தப்புலத்தில் சேர்த்து, பிறகு அடுத்த மின்தேக்கிக்குக் கொடுக்கிறது. முதல் மின்தேக்கியின் மின்னூட்டம் மட்டுமே இரண்டாவதைச் சேர வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. இழப்பே இல்லையெனக் கொண்டால் இரண்டும் ஏறத்தாழ 1.91 வோல்ட்டில் சமனாகும். சுருளிலும் சுவிட்சிலும் ஏற்படும் இழப்பை நல்ல உதிரிபாகங்களால் குறைக்கலாம். நேரடி இணைப்பில் அதற்கு வழியில்லை.

சுருள் இல்லாமல், ஒரு சிறு மின்தேக்கியை இரண்டுக்கும் இடையே மாறிமாறி இணைக்கும் முறையும் உண்டு. அதிலும் மின்தடையைக் குறைத்து இழப்பைத் தவிர்க்க முடியாது, ஆனால் இழப்பு மின்னழுத்த வேறுபாட்டின் இருமடியைப் பொறுத்தது. வேறுபாடு 0.1 வோல்ட்டாக இருக்கும்போதே சமன் செய்துவிட்டால், மேலே சொன்ன இரு மின்தேக்கிகளில் போவது 0.25 ஜூல்.