அளக்கப்பட்டது – யாரால்?

பௌதிக ரெக்கார்டு நோட்டில் மனிதர்கள் கிடையாது. ஊசல் கட்டப்பட்டது, நேரம் அளக்கப்பட்டது, மதிப்பு காணப்பட்டது. 'என்னால் சோறு உண்ணப்பட்டது' என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'படு' தமிழுக்குப் புதிதல்ல. இவ்வளவு தூரம் அதைப் பரப்பியது ஆங்கிலப் பாடநூலின் நிழல். இதை வெறும் நடைக்கோளாறு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இதில் ஓர் ஒழுக்கப் பிரச்னை இருக்கிறது.

தனி ஊசலை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீள ஊசல் இருபது அலைவுகளுக்குச் சுமார் 40.1 வினாடி எடுத்துக்கொள்ளும். குண்டை விடும்போது பூஜ்யம் என்று எண்ணத் தொடங்க வேண்டும். 'ஒன்று' என்று தொடங்குகிற பையன் உண்மையில் அளப்பது 19 அலைவுகளை, அவனுக்கு 38.1 வினாடிதான் வரும். கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 10.9. அவன் என்ன செய்கிறான்? விடை புத்தகத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து பின்னோக்கி வந்து 40.1 என்று திருத்திக்கொள்கிறான். கையெழுத்து விழுகிறது. அன்று அந்த அறையில் நடந்த ஒரே விஞ்ஞானம் அந்த 10.9, அதை ரப்பர் தின்றுவிட்டது.

'எனக்கு ஏன் 10.9 வந்தது?' என்று அரைப் பக்கம் சொந்த வாக்கியத்தில் எழுதச் சொல்லியிருந்தால்? முதலில் நூலின் நீளத்தைச் சந்தேகிப்பான், பிறகு கடிகாரத்தை, கடைசியில் தன் எண்ணிக்கையை. எழுத்து என்பது தெரிந்ததைப் பதிவு செய்கிற வேலை என்பது வாத்தியார்களின் மூடநம்பிக்கை. வாக்கியம் முடியாமல் முரண்டு பிடிக்கும்போதுதான் எது தெரியவில்லை என்பது தெரிகிறது. கவிதை எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

எலெக்ட்ரானின் மின்னூட்டம் பற்றிய 1913-ஆம் ஆண்டுக் கட்டுரையில் மில்லிகன், 58 எண்ணெய்த் துளிகளின் அளவுகளைத் தந்து, அவை பொறுக்கியெடுத்தவை அல்ல, அறுபது நாட்களில் சோதித்த எல்லாமே என்றார். ஜெரால்ட் ஹோல்டன் மில்லிகனின் நோட்டுகளை ஆராய்ந்து 1978-ல் எழுதினார்: கட்டுரையில் சேராத துளிகள் அவற்றில் பல இருந்தன. ஒதுக்கியதற்குத் தக்க காரணம் உண்டு என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள்; இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது, மில்லிகனைக் கேள்வி கேட்கவைத்தது அவருடைய கையெழுத்தே என்பது. அச்சில் இல்லாதது நோட்டில் இருந்தது. நம் பையனோ நோட்டிலேயே மறைக்கப் பழகுகிறான். நாளை இன்ஜினியராகி, 28 நாள் ஆன கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்த்து அறிக்கை எழுதுவான். அதிலும் 'சோதிக்கப்பட்டது' என்றுதான் இருக்கும்.

'நான் அளந்தேன்' என்று எழுதவைத்தால் பொய் நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை, அப்படியும் புளுகலாம். புளுகுகிறவன் யார் என்பதாவது வாக்கியத்தில் இருக்கும், அவ்வளவே. ஆனால் முப்பது நோட்டுகளில் வரிசையாக 9.8 கண்டும் சந்தேகம் வராத பரிசோதகர் இருக்கிறவரை, மதிப்பெண்ணுக்குப் பயந்த எந்தப் பையனும் 10.9 என்று எழுதமாட்டான். எழுதச் சொல்ல எனக்கும் வாய் வராது.