எழுபது டொலருக்குப் பிறகு

கனடாவின் ஒன்ராறியோவில் கெம்ப்ட்வில் என்றொரு சிற்றூர். 1998இல் அங்கே முதலாம் வகுப்பில் படித்த ரயன் ஹ்ரெல்ஜாக் என்ற ஆறு வயதுப் பையன் வீட்டுக்கு வந்து 70 டொலர் கேட்டான். ஆபிரிக்காவில் நல்ல தண்ணீர் இல்லாமல் பிள்ளைகள் நோயில் விழுகிறார்கள், 70 டொலர் இருந்தால் ஒரு கிணறு அமைக்கலாம் என்று வகுப்பில் கேட்டு வந்திருந்தான். பெற்றோர் காசை எடுத்து நீட்டவில்லை. வீட்டில் கூடுதலாக வேலை செய்து உழைத்துக்கொள் என்றார்கள். நிலவிரிப்பைத் துப்புரவாக்கி, ஜன்னல்களைத் துடைத்து, நான்கு மாதத்தில் சேர்த்துவிட்டான். ஒட்டாவாவில் ஒரு தொண்டு நிறுவனத்திடம் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, 70 டொலர் கைப்பம்புக்குத்தான் காணும், கிணற்றுக்கு 2000 டொலர் வேண்டும் என்று. அப்படியானால் இன்னும் வேலை செய்கிறேன் என்றான்.

1999இல் வட உகண்டாவின் அங்கோலோ ஆரம்பப் பாடசாலையில் அந்தக் கிணறு வந்தது. 2001இல் அவன் பெயரில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கியது.

சின்னப் பிள்ளையின் பெரிய மனசு என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. இரக்கம் யாருக்கும் வரும். கணக்குப் பிழைத்தது தெரிந்த பிறகும் அவன் நின்றானே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இப்படி நினைக்கக் காரணம் உண்டு. இலங்கையில், வன்னியில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் நாங்கள் வாங்கும் பக்கத்தில் நின்றவர்கள். எங்கோ யாரோ சேர்த்த காசில் எங்கள் குடியிருப்புக்கு ஒரு குழாய்க்கிணறு கிடைத்தது. முதல் நாள் குடம் நிறைந்தபோது அம்மா அந்தப் பம்பைத் தொட்டுக் கும்பிட்டா. கொஞ்சக் காலத்தில் வாஷர் தேய்ந்தது. கைபிடியை எவ்வளவு அடித்தாலும் காற்றுத்தான் வந்தது. மாற்ற வாஷரும் இல்லை, கழற்றத் தெரிந்த ஆளும் இல்லை. கயிறும் வாளியுமாகப் பழைய கிணற்றுக்கே நடந்தோம். காசு தந்தவர்களில் எனக்குக் கோபமில்லை. நாங்கள் இன்னும் அதில்தான் குடிக்கிறோம் என்று நம்பியிருப்பார்கள்.

உகண்டாவில் பரவலாக நிற்கும் கைப்பம்பு, எழுபதுகளில் யுனிசெஃப் துணையோடு இந்தியாவில் உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்க்கப்பட்ட இந்தியா மார்க் 2 வழிவந்தது. உறுதியான பம்பு. ஆனால் கீழே இருக்கும் வாஷரை மாற்றக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். அதற்குக் கருவி வேண்டும், பழகிய கைகள் வேண்டும், உதிரிப்பாகத்துக்குக் காசு வேண்டும். சகாராவுக்குத் தெற்கே கைப்பம்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று எந்த நேரத்திலும் பழுதாகிக் கிடக்கிறது என்கிறார்கள் இந்தத் துறையில் இருப்பவர்கள்.

ஸ்காபரோவில் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி, எட்டாம் வகுப்பு, போன குளிர்காலத்தில் வீடு வீடாகப் பனி வழித்துக் காசு சேர்த்தாள். "அன்ரி, உகண்டாவில ஒரு கிணத்துக்கு" என்றாள். ஊரிலை எங்கடை சனம் கஷ்டப்படேக்கை ஏன் உகண்டா என்று தெருவில் ஒருவர் அவளைக் கேட்டாராம். எங்கள் குடத்தை நிறைத்தவர்களுக்கு நாங்கள் என்ன சொந்தம்? அவர்கள் அப்படிக் கேட்டிருந்தால் அந்தக் கொஞ்சக் காலத் தண்ணீரும் எங்களுக்கு இல்லை.

நான் காசைக் கொடுத்துவிட்டு, "வாஷர் தேய்ஞ்சால் ஆர் பிள்ளை மாத்துவினம்?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற தாய்க்குச் சங்கடம். ஆனால் பிள்ளை அதை விடவில்லை. தான் காசு கொடுக்கும் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். கிராமத்தில் தண்ணீர்க் குழு ஒன்று அமைப்பார்களாம், வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம் சிறுதொகை சேர்ப்பார்களாம், அந்த ஊர் ஆட்களுக்கே பம்பு திருத்தப் பழக்குவார்களாம். பழக்கும் செலவுக்கும் முதல் உதிரிப்பாகங்களுக்கும் தான் சேர்த்தது காணாது என்று சொன்னாள்.

வரும் குளிர்காலத்துக்கும் எங்கள் வாசல் பனியைத் தனக்கே தரச்சொல்லி இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள். எதிர்வீட்டுச் சீனத் தாத்தாவிடமும் பேசிவிட்டாளாம்.