குறை சொல்லாத நினைவகம்

ஜப்பானின் ஃபுதாபா நகரில் 2020 செப்டம்பரில் அணு உலை விபத்துக்கு நினைவகம் திறந்தது ஃபுகுஷிமா மாகாண அரசு. பட்டவர்களே பட்டதைச் சொல்லட்டும் என்று உள்ளூர்க்காரர்களைக் கதைசொல்லிகளாக வைத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட அமைப்புகளையோ ஆட்களையோ குறை சொல்லக் கூடாது. வீடு போனதைச் சொல்லலாம், போக்கியது யார் என்று சொல்லக் கூடாது. நாளிதழில் வெளியாகிச் சர்ச்சையான இந்த ஏற்பாடு அறமாகாது.

இது மனிதர்களால் விளைந்த பேரழிவு என்று ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவே 2012இல் எழுதிவிட்டது. குழு சொல்லலாம், ஊரைப் பறிகொடுத்த கிழவி சொல்லக் கூடாதா?

சூழலியல் வரலாறு மண்ணையும் ஆவணமாகப் படிக்கிறது. விபத்தில் மண்ணில் படிந்த சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டாகும். வயலிலும் பள்ளி மைதானத்திலும் மேல்மண்ணைச் சுரண்டி, பைகளில் கட்டி, ஃபுதாபாவிலும் பக்கத்து ஒகுமா நகரிலும் சேர்த்தார்கள்; சுமார் 1.4 கோடி கனமீட்டர். 2045க்குள் அது மாகாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது சட்டம். மண்ணில் சீசியம் எவ்வளவு என்று கருவி காட்டிவிடும். யாருடைய அலட்சியத்தால் வந்தது என்று சொல்ல மனித வாய்தான் வேண்டும்.

அணுசக்தியை ஒளிமயமான வருங்காலத்தின் ஆற்றலாகப் புகழும் வளைவு ஒன்று ஃபுதாபா வீதியில் நின்றது. வாசகம் 1988இல் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வீட்டுப்பாடமாக எழுதியது. பழசாகிவிட்டது, விழுந்துவிடும் என்று 2015 இறுதியில் கழற்றினார்கள். கழற்றாதீர்கள் என்று கையெழுத்து திரட்டியவர், வளர்ந்து ஆளாகியிருந்த அதே சிறுவன்! நினைவகம் திறந்தபோது வளைவின் புகைப்படம் மட்டுமே இருந்தது. அசல் பலகை 2021இல்தான் உள்ளே வந்தது.

இடித்துரைக்க ஆளில்லாத மன்னன் பகையே இல்லாவிட்டாலும் கெடுவான் என்பது வள்ளுவர் கணிப்பு. யானைக் காலில் இடப்படவிருந்த மலையமானின் பிள்ளைகளுக்காகக் சோழன் கிள்ளிவளவனையே தடுத்தார் புலவர் கோவூர்கிழார். கண்ணகி பாண்டியன் அவையில் அழுதுவிட்டுத் திரும்பவில்லை. தீர்ப்பே பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அவளை உள்ளே விடச் சொன்னவனும் அந்தப் பாண்டியன்தான். அந்த அளவுக்காவது ஓர் அரசுக்கு நெஞ்சுரம் வேண்டாமா?

பழியையே பேசிக்கொண்டிருந்தால் ஃபுகுஷிமா அரிசியும் பீச் பழமும் விலைபோகாது என்ற கவலையும் உண்டு. பொய்யான கவலை அல்ல. ஆனால் விவசாயிக்குக் கைகொடுத்தது மௌனமா? 2012 முதல் பல ஆண்டுகள் மாகாணத்தின் அரிசி மூட்டை ஒவ்வொன்றையும் கருவியில் ஏற்றிச் சோதித்தார்கள். அதுதான் கைகொடுத்தது.

கதைசொல்லிகளுக்கான கையேட்டில் அந்த நிபந்தனைக்கு இடமிருக்கக் கூடாது. அந்த நிபந்தனைக்காகக் கதைசொல்லிகளிடம் திருத்தி வாங்கிய உரைகளின் முதல் வடிவங்களையும் நினைவகம் தன் ஆவணங்களோடு சேர்த்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.