இதமாக இறங்கும் சிம்மாசனம்

ஹெர்பர்ட் ஹோவெல்ஸ் 1945-ல் கேம்ப்ரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்துக்காக எழுதிய மாலை ஆராதனை இசையை (கொலீஜியம் ரீகாலே என்று பெயர்) இந்த மழைக்காலம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கிறிஸ்தவனல்ல, எந்தக் கோவிலுக்கும் நம்பிக்கையோடு போகிறவனுமல்ல. லூக்கா சுவிசேஷத்தில் கர்ப்பிணியான மரியாள் பாடும் பாட்டுதான் அதன் முதல் பகுதி. சிறுவர் குரல்கள் மட்டும் முதலில் எழுகின்றன; அடியில் ஆர்கன் மூச்சுவிடுவதுபோல. ஆண் குரல்கள் பிறகே சேர்கின்றன. அதிகாரத்தில் இருப்பவர்கள் கீழே தள்ளப்படுவதாக அந்தப் பாட்டில் ஓர் இடம் வருகிறது. அங்கே முரட்டு பலம் காட்டினால் இது ஒரு பெண்ணின் பாட்டு என்பதே மறுக்கப்பட்டுவிடும் என்பது ஹோவெல்ஸின் எண்ணம். பின்னால் எழுதிய குறிப்பொன்றில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். கலைஞனின் தீர்மானம் என்ற அளவில் எனக்குச் சரியாகவே பட்டது.

அப்படிப் பட்டதுதான் இப்போது உறுத்துகிறது.

வங்கியில் என் பக்கத்து மேஜை நண்பர் சபைப் பாடகர் குழுவில் பேஸ் பாடுகிறவர். லண்டன் மிஷன் வழிவந்த சபை. 1947-ல் ஆங்கிலிகன்களோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. அவரைக் கேட்கச் செய்தேன். முடிந்ததும், “உமக்கு இதமாத்தான் இருக்கும் வே. இறங்க வேண்டியது உம்ம தாத்தால்லா” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 1822 முதல் 1859 வரை விட்டுவிட்டு நடந்த தோள்சீலைக் கலவரத்தில் சீலை கிழிக்கப்பட்ட பெண்கள் அவருடைய ஊர்க்காரர்கள். ஜெபக்கூடங்கள் எரிந்தன. 1859 ஜூலை 26 அன்று வந்த திருவிதாங்கூர் அரச அறிவிப்பு அவர்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்தது. மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாதாம். என் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முற்றத்தில் நின்றவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போவார்கள். அவரை யாரும் கீழே இறக்கவில்லை. பாகம் பிரித்தபோது திண்ணையை இடித்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் ஒரு வாக்கியத்தை அழகாக்குவது, அது யாரைக் குறித்துச் சொல்லப்பட்டதோ அவனும் சாய்ந்துகொண்டு ரசிக்கும்படி செய்வதுதானா? ஆர்கனை அங்கே முழக்கியிருந்தால் சரியாகியிருக்கும் என்றும் தோன்றவில்லை. வெற்றி முழக்கம் அரண்மனைக்கும் ஒத்துவரும். அரசனையே தலைவனாகக் கொண்ட திருச்சபை 1549 முதல் இந்தப் பாட்டை மாலை ஆராதனையில் வைத்திருக்கிறது. இதைக் கேட்டு எந்த அரசனும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கமாட்டான்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். “எங்க ஆட்களும் கவனிச்சாப் பாடுதாங்க? முன்வரிசையில யாரு இருக்கான்னு வந்து பாரும்” என்றார். பிறகு அந்த ஓர் இடத்தை மட்டும் தன் குரலில் எப்படிப் பாடியிருப்பார் என்று பாடிக் காட்டினார். மேனேஜர் உள்ளே இருந்ததால் மெதுவாகத்தான்.