நன்மையை அறிதல்

சேலத்துக்குத் தெற்கே, ஒரு காலத்தில் அந்நகருக்கே குடிநீர் தந்த ஏரியை உடைய ஊர் பனமரத்துப்பட்டி. அதன் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அரளி விளைகிறது. அரளியை மொட்டாகவே பறித்துச் சந்தைக்கு அனுப்பவேண்டும். பறிக்காமல் விட்ட மொட்டு மறுநாள் மலர்ந்து மதிப்பிழந்துவிடும். ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்த அன்று, அவர்கள் தோட்டத்து மொட்டையும் சேர்த்துப் பறித்துச் சேலத்துப் பூச்சந்தைக்கு ஏற்றிவிடும் பக்கத்துத் தோட்டக்காரரை எண்ணிப் பாருங்கள். அவர் செய்தது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இத்தகைய நன்மைகளை ஓர் ஊர் எப்படி அறிந்துகொள்வது என்பதே இங்கு நாம் ஆராயும் பொருள்.

திருக்குறளில் நன்றியைப் பற்றிய அதிகாரம் செய்ந்நன்றியறிதல் எனப்படுகிறது. ஊரோடு பொருந்தி உதவி வாழ்வதைச் சொல்லும் அதிகாரம் ஒப்புரவறிதல் எனப்படுகிறது. உதவி செய்வதற்கும் பெற்ற உதவியை நினைப்பதற்கும் அறிவு பொதுவாக நிற்பதை இத்தலைப்புகள் உணர்த்துகின்றன. நன்றியை நெஞ்சின் நெகிழ்ச்சி என்று மட்டும் கொள்வது போதாது. கவனித்து, அளந்து, நினைவில் நிறுத்தும் செயலும் அதனுள் அடங்கும்.

அறிதலின் முதற்படி காணுதல். இழப்பு நேர்ந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இழப்பைத் தடுத்த கை தெரிவதில்லை. மொட்டு வீணாகியிருந்தால் ஊரே பேசியிருக்கும். வீணாகாததால் பேச்சுக்கு இடமில்லை. ஆகவே நடவாமற்போன தீமைக்குப் பின்னால் நின்றவர் யார் என்று நாமாகத் தேடிக் கேட்கவேண்டும்.

இரண்டாம் படி, செய்தவருக்கு ஆன செலவை அறிதல். கோவையை அடுத்த வடிவேலம்பாளையத்து மூதாட்டி கமலாத்தாள், அரிசியும் உளுந்தும் விலையேறியபோதும் ஒரு ரூபாய்க்கே இட்லி விற்றுவந்தார். கூலிக்குச் செல்வோர் வயிறு நிறையவேண்டும் என்பது அவர் கருத்து. மலிவான இட்லி என்று வியப்பவர் விலையை மட்டும் பார்க்கிறார். விடியுமுன் எழுந்து மாவும் சட்னியும் அரைத்து, விறகடுப்பின் புகையில் நின்ற உடம்பைப் பார்ப்பவரே அவர் செயலை அறிகிறார். 2019-இல் அவரைப் பற்றிய செய்தி பரவியபின் சமையல் எரிவாயு இணைப்பு கிடைத்தது; 2022-இல் அன்னையர் நாளன்று புதிய வீடும் சமையலறையும் அளிக்கப்பட்டன. பாராட்டு அவருடைய வேலையின் பாரத்தைக் குறைத்தது. அளவறிந்த பாராட்டு இப்படித்தான் இருக்கும்.

மூன்றாம் படி, ஊரறியச் சொல்லுதல். இது நமக்குப் பழைய வழக்கம். ஆநிரை மீட்டு மாண்டவர்க்கு நட்ட நடுகற்கள் தருமபுரி, சேலம் வட்டாரங்களில் இன்றும் நிற்கின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வழியோரம் சுமைதாங்கிக் கல் நாட்டினார்கள். அந்த நினைவே வழிப்போக்கருக்கு உதவியாயிற்று. அதே மனம் நம் காலத்திலும் உண்டு. மதுரை யா.கொடிக்குளத்தைச் சேர்ந்த வங்கி ஊழியர் ஆயி பூரணம் அம்மாள், மறைந்த மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். 2024 குடியரசு நாளில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது வழங்கினார். மாதச் சம்பளத்தில் வாழ்பவரும் ஒரு பள்ளியை வளர்க்க முடியும் என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்குச் சொன்னது.

நான்காம் படி, நன்மைக்கு உள்ள தடையை நீக்குதல். சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்க மனம் இருந்தும், வழக்கு, சாட்சி என்ற அச்சத்தால் ஒதுங்குவோர் உண்டு. இந்த அச்சத்தைப் போக்கும் வழிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்ட வலிமை தந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்ந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவரை உரிமையியல், குற்றவியல் நடவடிக்கைகளிலிருந்து காக்கிறது. தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. புகழ் வேண்டாதவருக்கு இந்தப் பாதுகாப்பே உரிய மரியாதை.

ஐந்தாம் படி கடினமானது: யாருடைய நன்மையை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை என்று நம்மையே கேட்பது. பெண் செய்தால் கடமை, தூய்மைப் பணியாளர் செய்தால் கூலி வேலை, தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பில் நடந்தால் செய்தியே இல்லை என்று கடந்துபோகிறோம். வசதி படைத்தவர் அதையே செய்தால் கொடை என்கிறோம். இந்தப் பிழை திருந்தாதவரை மற்ற நான்கு படிகளும் பயன் தரமாட்டா. அதோடு, கொடுத்தவரைப் புகழும்போது பெற்றவரைப் படம் பிடித்துக் காட்டுவதும் தவறு. ஒருவர் மானத்தைக் குறைத்து இன்னொருவர் பெருமையைக் கூட்டுவது அறமாகாது.

பனமரத்துப்பட்டி ஒன்றியத்து ஊராட்சிகளில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் உள்ளிட்ட நாள்களில் கிராம சபை கூடுகிறது. குறைகளைச் சொல்லும் அந்த இடத்தில், அக்கம்பக்கத்தார் செய்த ஒரு நன்மையையும் எழுந்து சொல்லுங்கள். அவர் இசைந்தால் பெயரோடு, இசையாவிட்டால் செயலை மட்டும் சொல்லுங்கள். இதுவரை எவரும் குறிப்பிடாத ஒருவரிடமிருந்து அதைத் தொடங்குங்கள்.