மணியின் விலையும் மனத்தின் நிறமும்



சென்ற தை மாதத்தில் என் மகள் தொலைபேசியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் மகன் போட்டித் தேர்வை இருமுறை எழுதியும் தேர்ச்சி பெறாமல் மனம் சோர்ந்திருந்தான். சனியின் பார்வை அவன்மீது இருப்பதாகவும், செவ்வந்திக் கல் பதித்த மோதிரம் அணிந்தால் அது விலகும் என்றும் யாரோ அவளிடம் கூறியிருக்கின்றனர். நீலக்கல் விலை மிகுந்தது. அதற்கு மாற்றாக இந்த ஊதாநிறக் கல்லை அணியலாமாம். “அம்மா, நம் நெறியில் இதற்கு இடம் உண்டா? வாங்கினால் தவறாகுமா?” என்று கேட்டாள்.

‘கூடாது’ என்ற ஒரு சொல்லால் நான் அப்பொழுதே விடை கூறியிருக்கலாம். வினைப்பயனை நம்பும் நமக்கு, கல் ஒன்று கோளின் பார்வையைத் திருப்பும் என்ற நம்பிக்கை பொருந்தாது. ஆனால் கேட்டவள் ஒரு தாய். பிள்ளையின் வாடிய முகத்தைக் கண்டு கேட்கிறாள். மேலும், என் கழுத்திலேயே முப்பது ஆண்டுகளாக ஒரு ஸ்படிக மாலை கிடக்கிறது. பிறர்க்கு அறம் கூறுமுன் என்னை நானே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில இருந்தன. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த வாரத்தில் எண்ணியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

காலடியில் கிடக்கும் கல்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடங்களுள் ஒன்று. ஆதலின் கடையில் உள்ள மணியை விட்டுவிட்டு, காலடியில் உள்ள கல்லிலிருந்து தொடங்குவோம்.

திருத்தணியைச் சூழ்ந்த எங்கள் பகுதியில் கிணறு தோண்டினாலும் வரப்பு வெட்டினாலும் வெள்ளை வெளேரென்ற கல் ஒன்று அகப்படும். வெங்கச்சங்கல் என்பர். இருட்டறையில் அக்கற்கள் இரண்டை ஒன்றோடொன்று உரசினால் கல்லின் உள்ளே மின்மினி போல் ஒளி தோன்றி மறையும். சிற்றூரில் வளர்ந்த நம்மில் பலர் இவ்விளையாட்டை ஆடியிருப்போம்.

நூல்கள் இதனைக் குவார்ட்ஸ் என்று கூறும். சிலிக்கான் ஒரு பங்கும் ஆக்சிஜன் இரு பங்கும் சேர்ந்தது இது. நிலத்தின் மேலோட்டில் பெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்திற்கு அடுத்தபடியாக மிகுதியாக இருப்பது இதுவே. உருகிய பாறைக்குழம்பு ஆறும்பொழுது பிற கனிமங்கள் முன்னே இறுக, இது பெரும்பாலும் கடைசியில் எஞ்சி நின்று இறுகும். பாறை வெடிப்புகளில் புகுந்த வெந்நீரில் கரைந்திருந்து, நீர் குளிரக் குளிரப் படிந்து வளர்வதும் உண்டு. இடம் தாராளமாக இருந்தால் ஆறு பட்டைகளோடு கூர்முனை கொண்டு வளரும். 1812-இல் பிரடெரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் இதற்கு ஏழாம் இடம்; கண்ணாடியை இது கீறும். வெயிலிலும் மழையிலும் பாறை சிதையும்பொழுது மற்றவை களிமண்ணாக மாற, இது மட்டும் மாறாமல் மணலாக நிற்கும். பள்ளிப்பட்டுப் பக்கம் ஓடும் கொசஸ்தலையாற்றின் மணலை உள்ளங்கையில் ஏந்தினால், அதில் பெரும்பகுதி இக்கனிமமே.

இதுவே மாசின்றி ஊடுருவித் தெரியுமாறு வளர்ந்தால் ஸ்படிகம். அணுவளவு இரும்பு கலந்து, சுற்றியுள்ள பாறைகளின் கதிரியக்கமும் பல்லாயிரம் ஆண்டுகள் பட்டால் ஊதாநிறச் செவ்வந்திக் கல். அச்செவ்வந்திக் கல்லை நானூறு, ஐந்நூறு பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் மஞ்சள் கல். நுண்துகள்களாய்ச் செறிந்து இறுகியது அகேட். அதில் செந்நிறம் கொண்டது கார்னீலியன் எனப்படும். பெயர்கள் பல, பொருள் ஒன்றே.

இங்கு என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மையார்குப்பத்தில் பணியாற்றிய காலத்தில், நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன், வெட்டிய கிணற்று மண்ணிலிருந்து எடுத்ததாகக் கூறி ஒரு கல்லைக் கொண்டுவந்தான். ஒருபுறம் வெண்மை, மறுபுறம் விரல்நுனி அளவு தெளிந்த பட்டைகள். “டீச்சர், இது வைரமா?” என்றான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். “வெறும் வெங்கச்சங்கல், தூக்கி எறி” என்றேன். அவன் சன்னல் வழியே எறிந்துவிட்டு இடத்தில் போய் அமர்ந்தான். அதன்பின் அவ்வாண்டு முழுதும் அவன் எதையும் கொண்டுவரவில்லை, எதையும் கேட்கவுமில்லை. அதே பொருளால் ஆன மாலை அப்பொழுதும் என் கழுத்தில் இருந்தது.

விலை எங்கே இருக்கிறது?

எறியச் சொன்ன கல்லும் அணிந்திருந்த கல்லும் ஒன்றென்றால், விலை எங்கிருந்து வந்தது? கல்லுக்குள் அது இல்லை என்பதற்குச் செவ்வந்திக் கல்லின் வரலாறே சான்று. ஐரோப்பியர் அதனை மாணிக்கம், மரகதம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்துப் போற்றினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசிலிலும் உருகுவேயிலும் அது குவியல் குவியலாகக் கிடைத்தது, விலை வீழ்ந்தது. கல்லின் நிறமோ கடினமோ ஒரு சிறிதும் குறையவில்லை. ‘எல்லாரிடமும் இருக்கிறது’ என்ற செய்திதான் அதன் மதிப்பைக் குறைத்தது. அவ்வாறாயின் நாம் விலை கொடுத்தது பிறரிடம் இல்லாமைக்கே அன்றோ!

பயன்பாட்டால் வரும் மதிப்பு வேறு. நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில், 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டார். அவை குவார்ட்ஸ் மணல் இறுகியமைந்த குவார்ட்சைட் பாறையால் ஆனவை. அவற்றுள் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில், பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று குறிக்கும் ஊரில், படிகமும் செவ்வந்திக் கல்லும் கார்னீலியனும் மணிகளாகத் தீட்டப்பட்டதை அகழாய்வுகள் காட்டின. தஞ்சையை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கூழாங்கற்களை அரைத்து மூக்குக் கண்ணாடி செய்தனர். ‘வல்லத்துக் கல்’ அணிந்து ஏடு படித்த பெரியோர் பலர். 1880-இல் கியூரி சகோதரர்கள், இப்படிகத்தை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று கண்டனர். இன்று நம் கைக்கடிகாரத்தினுள் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து காலம் காட்டுவதும் இதன் சிறு துண்டே.

கருவியாகிப் பசி தீர்த்தது. கண்ணாடியாகிப் படிக்க உதவியது. கடிகாரமாகிக் காலம் காட்டியது. இவை எல்லாம் கல்லின் இயல்பிலிருந்து வந்த பயன்கள். சனியை விலக்கும் என்பதோ நம் அச்சத்திலிருந்து வந்தது.

விலைச்சீட்டில் எழுதப்படாதது

அந்த வாரத்தில் என்னை மிகவும் வருத்தியது இவ்விரண்டும் அல்ல, மூன்றாவது ஒன்று.

குஜராத்தில் காம்பே என்று வழங்கிய கம்பாத் நகரம், நம் சமயத்தார் பலர் வாழ்ந்த பழம்பெரும் துறைமுகம். பரூச் மாவட்டத்து இரத்தன்பூர்ப் பக்கத்தில் வெட்டியெடுக்கும் அகேட் கற்கள் அங்கு வருகின்றன. அவற்றை நெருப்பிலிட்டுச் சிவப்பாக்கி, கொத்தி, சாணைச் சக்கரத்தில் பிடித்து மணிகளாக்குகின்றனர். இவ்வேலை பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் நடப்பது. சக்கரம் சுழலும்பொழுது கண்ணுக்குத் தெரியாத கல்தூசு எழுகிறது. மூச்சோடு நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, அங்கு வடுவாக இறுகுகிறது. சிலிக்கோசிஸ் என்பது அந்நோய். இருமல், இளைப்பு, எடை குறைதல் என்று வளர்ந்து மூச்சையே பறிப்பது. காசநோயையும் எளிதில் அழைத்துக்கொள்வது. வந்த வடுவை மாற்ற மருந்து இல்லை. 1997-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இத்தூசினைப் புற்றுநோய் தருவனவற்றுள் சேர்த்தது. சாணை பிடிப்பவர்க்கு மட்டும் அன்று, அதே வீட்டில் சமைக்கும் பெண்ணுக்கும் அருகில் விளையாடும் குழந்தைக்கும் அத்தூசு போய்ச் சேர்கிறது.

நாம் நீரை வடிகட்டிப் பருகுகிறோம். இரவில் உண்ணாதிருக்கிறோம். ஓரறிவுயிர்க்கும் இரங்குக என்று கற்றோம். மண்ணினுள் இருக்கும் மணியையும் படிகத்தையும்கூட நம் ஆகமங்கள் நிலவுடல் உயிர்களின் வகையில் வைத்துப் பேசுகின்றன. அத்தகைய நாம், ஐயறிவும் மனமும் படைத்த ஒருவரின் மூச்சைத் தேய்த்து ஒளியேற்றிய மணியைக் கையில் எடுக்கும்பொழுது ஒரு கணமேனும் எண்ணியதுண்டா? நான் எண்ணியதில்லை. முப்பது ஆண்டுகள் அதனை விரலால் உருட்டி உருட்டி அகிம்சையை வாழ்த்தியிருக்கிறேன்.

எங்கள் ஊரில் இது எளிதில் விளங்கும். தறிக் குழியில் கால் இறக்கி நாள் முழுதும் குனிந்து நெய்தவரின் இடுப்பு வலியும் கண் மங்கலும் சேலையின் கரையில் தெரிவதில்லை. வாங்குபவர் நிறத்தைப் பார்ப்பார், முந்தானையைப் பார்ப்பார், விலையைக் குறைத்துக் கேட்பார். நெய்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கே மணியைத் தீட்டியவர் நினைவு வரவில்லை என்றால், பிறரை என்ன சொல்வது?

இரு தடைகள்

இங்கு நியாயமான தடை ஒன்று எழும். “எல்லாரும் வாங்காமல் விட்டால் அத்தொழிலாளி எதை உண்பான்?” வேறு தொழில் அறியாதவனிடமிருந்து இருந்த கூலியையும் பறிப்பது கருணையாகாது. ஆயின் தூசைத் தடுக்க வழியே இல்லை என்பதும் உண்மையன்று. நீர் ஊற்றிக்கொண்டே சாணை பிடிப்பதும், தூசை இழுத்து வெளியேற்றும் விசிறிக் குழாய் அமைப்பதும், வேலையிடத்தை வீட்டினின்று பிரிப்பதும் அறிந்த முறைகளே. இவற்றுக்குப் பொருள் வேண்டும். மலிவாகக் கேட்பவர் பெருகப் பெருக அப்பொருள் சுருங்கும். ஆதலின் வாங்குவதா, விடுவதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. எதற்காக, எவ்வளவு, எப்படிச் செய்ததை என்பனவும் உடன் நிற்கின்றன.

இல்லறத்தார்க்கு உரிய அனர்த்ததண்ட விரதம் இங்கு வழிகாட்டுகிறது. பயனின்றி நிலத்தை அகழ்தலையும், நீரையும் தீயையும் வீணே கையாளுதலையும், செடிகொடிகளை வெட்டுதலையும் அது விலக்குகிறது. ‘பயனின்றி’ என்ற சொல்லை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். இல்லறத்தில் துன்பம் முற்றிலும் இல்லாத வாழ்வு இயலாது என்பதை ஏற்றுக்கொண்டே அந்நெறி பேசுகிறது. தேவைக்காக நேரும் தீங்கைக் குறைத்துக்கொள். தேவையே இல்லாத தீங்கை விட்டுவிடு. கண்ணாடிக்குத் தேய்த்த கல்லுக்கும் அச்சத்திற்குத் தேய்த்த கல்லுக்கும் தூசு ஒன்றே, பயன் ஒன்றன்று.

“நம் ஆலயங்களில் மணியாலும் படிகத்தாலும் ஆன திருவுருவங்கள் இல்லையா?” என்றும் கேட்கலாம். உண்டு, மூடபித்ரியின் மணித் திருவுருவங்கள் புகழ் பெற்றவை. அங்கு கல் ஒருவர் கையில் உடைமையாக நிற்பதில்லை; பற்றற்ற நிலைக்கு அடையாளமாக ஊரார் அனைவர்க்கும் பொதுவாக நிற்கிறது. ஆயினும் புதிதாகச் செய்விக்கும்பொழுது, தீட்டுபவரின் மூச்சைக் காப்பதும் அத்திருப்பணியில் ஒரு பகுதி என்று கொள்வதே நன்று.

படிகம் கற்பிக்கும் பாடம்

பொன்னூர் மலையோடு தொடர்புடையவராக நாம் போற்றும் குந்தகுந்தர், சமயசாரத்தில் படிகத்தை உவமையாக்கியுள்ளார். தூய படிகம் தானாகச் சிவப்பதில்லை. செந்நிறப் பொருள் அருகில் இருப்பதால் சிவந்து தோன்றுகிறது. அதுபோல் தூய உயிரும் விருப்பு வெறுப்பாகத் தானே மாறுவதில்லை. பிறவற்றின் சேர்க்கையால் அவ்வண்ணம் காண்கிறது என்பது அதன் கருத்து.

என் மகளின் கேள்விக்கு விடை இதிலேயே இருந்தது. பேரன் தோற்றவன் அல்லன்; தோல்வி அருகில் வந்து நிற்கிறது. அந்த நிறத்தைத் தன் நிறம் என்று அவன் கொண்டுவிட்டான். அதனைப் போக்க ஊதாநிறக் கல் ஒன்றை அருகில் வைப்பது, ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறத்தைச் சேர்ப்பதே ஆகும். தேர்ச்சி பெற்றால் கல்லால் பெற்றேன் என்பான். பெறாவிடில் கல்லும் கைவிட்டது என்பான். இரண்டிலும் அவன் உழைப்பு அவனுக்கு உரியதாகாது.

மகளிடம் நான் கூறியது இவ்வளவே: “தவறா என்று கேட்டாய். கல்லை விரும்புவது பெருங்குற்றம் அன்று. ஆனால் அதனைத் தீட்டியவர் ஒருவர் இருக்கிறார் என்பதை மறந்தும், பிள்ளையின் ஆற்றலை அதனிடம் அடகு வைத்தும் வாங்குவது நல்லதன்று. அவனோடு தினமும் அரைமணி நேரம் அமர்ந்து இரு. வேண்டுமானால் நானும் வந்து இருக்கிறேன்.” அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எப்பொழுது வருகிறாய், அம்மா?” என்றாள். நான் சென்று ஒரு மாதம் தங்கினேன். மோதிரப் பேச்சு எழவில்லை. தேர்வு இனிமேல்தான் வரவிருக்கிறது.

என் மாலையை நான் எறியவில்லை. தீட்டியவரின் உழைப்பை எறிவது மேலும் ஒரு வீண். ஆனால் இப்பொழுதெல்லாம் முதல் மணியை உருட்டும்பொழுது, பெயர் அறியாத அக்கைகளை நினைத்துக்கொள்கிறேன். புதிதாக ஒன்று வாங்குவதில்லை என்றும் உறுதி கொண்டேன்.

நம் முன்னோர் தம் நூல்களுக்கு மணிகளின் பெயரையே இட்டனர். சிந்தாமணி என்றனர், சூளாமணி என்றனர், இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறும் நூலை அருங்கலச்செப்பு என்றனர். வேண்டியதெல்லாம் தரும் மணியின் பெயர் தாங்கிய காப்பியத்தில், எல்லாம் பெற்ற சீவகன் இறுதியில் எல்லாவற்றையும் துறக்கிறான். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுக்கு மட்டும் சுரங்கம் வேண்டா; சாணையும் வேண்டா; எத்தனை பேர் பெற்றாலும் அவற்றின் விலை வீழ்வதில்லை.

அந்தப் பையன் எறிந்த கல்லை மறுநாள் சன்னலுக்கு வெளியே தேடினேன், கிடைக்கவில்லை. இன்று ஒரு குழந்தை உங்களிடம் ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்தால், அருள்கூர்ந்து கையில் வாங்கிப் பாருங்கள். இருட்டில் உரசி ஒளியைக் காட்டுங்கள். பிறகு, அதனைத் தீட்டுபவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.